பதிவு என்னும் தாயத்து

சோளிங்கரிலிருந்து சிறு பாட்டு நூல் ஒன்று மதிப்புரைக்கென நமக்கு வந்தது. 48 பக்கம், மெல்லிய தாள், அச்சுப் பிழைகள் அணிவகுத்து நிற்கின்றன. பாடியவர் கல்லூரி வாயிலைக் கண்டவரல்லர். விடியுமுன் பேருந்தேறி இராணிப்பேட்டைக்குச் சென்று, தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்து, இருட்டிய பின் ஊர் திரும்பும் தோழர். இத்தகைய நூல்களைப் புரட்டி வைத்துவிடுவது ஏட்டாளர் வழக்கம். நாமும் அப்படித்தான் எண்ணினோம். முதற்பாட்டு நம்மை விடவில்லை.

உப்பிட்டு வந்த பச்சைத் தோல், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் நீங்கி, குரோமியத்தில் குளித்து, நீல நிறம் பெற்று 'வெட் புளூ' எனப் பெயர் பெறுகிறது. பின்னர் 'கிரஸ்ட்' என்று வேறொரு பெயர். மெருகேறிய பின் மற்றொரு பெயர். இத்தனை பெயர் சூட்டப்பெறும் தோலைச் சுமந்து செல்லும் பெண்ணை மட்டும் மேற்பார்வையாளர் பெயர் சொல்லி அழைப்பதேயில்லை என்று பாடுகிறார் தோழர். கையுறை கிழிந்த விரலை அவர் காட்டும் இடத்தில் உவமையில்லை, அணியில்லை, விரல்தான் இருக்கிறது. பாலாற்றைப் பற்றிய பாட்டிலும் அந்த உண்மை ஒளிர்கிறது. ஆனால் 30-ஆம் பக்கத்துக்குப் பின் நம் தோழர் காதலிக்கத் தொடங்குகிறார். உடனே நிலவும் மலரும் தென்றலும் திரைப்படக் கொட்டகையிலிருந்து புறப்பட்டு வந்து பக்கங்களை நிரப்பிவிடுகின்றன. சுண்ணாம்பின் நெடியை அறிந்த கவிஞருக்கு இரவல் பன்னீர் எதற்கு?

மதிப்புரை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவொட்டாமல் செய்தது தலைப்புப் பக்கத்தின் பின்புறம். அங்கே தடித்த எழுத்தில் ஒரு முழக்கம்: இந்நூலின் உரிமை பதிவு செய்யப்பட்டதாம், மீறுவோர் கடுந்தண்டனை பெறுவராம்! நூலோடு ஒரு கடிதமும் இருந்தது. பாட்டைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தொகுப்பிலுள்ள பாட்டு ஒன்றைச் சென்னையிலுள்ள ஒலிப்பதிவு நிறுவனம் வாங்கி, இசையமைத்து வெளியிட்டிருக்கிறது. பாட்டு பரவியிருக்கிறது, ஆனால் இயற்றியவர் என்று வேறொருவர் பெயர் ஏறியிருக்கிறது. கேட்டதற்கு, "எல்லா உரிமையும் எழுதிக் கொடுத்துவிட்டீர், மேலும் உமது பாட்டு பதிவு செய்யப்படவே இல்லை" என்று விடை வந்ததாம். "முன்பே பதிவு செய்திருந்தால் இந்த இழிவு நேர்ந்திராதல்லவா? இனியேனும் பதிவது எப்படி?" என்பதே தோழரின் வினா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோளிங்கருக்குச் சென்றோம். 1,305 படிகள் ஏறி நரசிம்மரைக் காண மக்கள் திரளும் ஊர் அது. 2024 முதல் கம்பிவட ஊர்தியும் உண்டு. அறிவியல் செய்த ஊர்தியில் அமர்ந்து அறிவியலுக்கு ஒவ்வாததை வேண்டச் செல்லும் காட்சியை அங்கே காணலாம். உள்ளம் நோயுற்றோரைக் குளத்தில் முழுக்காட்டி மலையேற்றும் வழக்கமும் அங்கு நெடுநாளாக உண்டு. படிப்பகத்தில் கூடிய இளைஞர்கள் அதைச் சொல்லிச் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அப்போது நம் பாட்டாளிக் கவிஞர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அரக்கு முத்திரையிட்ட அஞ்சலுறை ஒன்றை எடுத்தார். தம் பாட்டுகளைக் கையெழுத்துப் படியாக உள்ளே வைத்து, தமக்குத் தாமே பதிவு அஞ்சலில் அனுப்பிக்கொண்டு, பிரிக்காமல் சில ஆண்டுகளாகக் காத்து வருகிறார். அப்படிச் செய்தால் உரிமை உறுதியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னாராம். நூலின் பின்புறத்தில் "பதிவு" என்று அச்சிட்டதும் அந்த அஞ்சலை நம்பித்தான்!

தோழர்களே, கறுப்புக் கயிற்றைக் கையிலிருந்து அறுத்தெறிந்தவர் அரக்கு உறையைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். அந்த உறைக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் தனி மதிப்பு தரவில்லை. பாட்டு இன்ன நாளில் இருந்தது என்பதற்கு ஒரு சிறு சான்றாக அதைக் காட்டலாம், அவ்வளவே. (பதிவு அஞ்சல் என்ற தனிப் பணியே 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. தாயத்து கட்டும் பூசாரியே ஊரை விட்டுப் போனது போல!)

உண்மை என்ன? பாட்டைத் தாளில் எழுதி முடித்த அந்தக் கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. விண்ணப்பம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், வட்டத்துள் எழுத்திட்ட குறியும் வேண்டாம். 1957-இல் இயற்றப்பட்டு 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையிலுள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை இதுதான். பெர்ன் நகரில் 1886-இல் உருவான உலக உடன்படிக்கையின் நிலையும், 1908-இல் அது திருத்தப்பட்டது முதல், இதுவே.

பிறகு ஏன் பதிவின்மேல் இத்தனை பக்தி? அதற்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்தில் நூல் உரிமை என்பது தொடக்கத்தில் எழுதியவனுடையதாகவே இல்லை. அச்சிடுவோர், நூல் விற்போர் அடங்கிய வணிகர் குழாம் ஒன்று தன் பேரேட்டில் எவன் பெயரை எழுதியதோ அவனுக்கே நூல் சொந்தம். எழுதியவன் அரைவயிற்றுக் கஞ்சியோடு வெளியே நின்றான். 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டந்தான் ஆசிரியனை உரிமையாளன் என்று முதலில் ஏற்றது. 14 ஆண்டு, அவன் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு. பேரேட்டின் ஆட்சி அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. ஆக, பேரேட்டை வணங்குவது வணிகர் குழாம் விட்டுச் சென்ற பழக்கம். எழுதுகிறவன் அதைத் தன் காவல் தெய்வமாக்கிக்கொண்டது வேடிக்கையே.

பதிவே வேண்டாம் என்கிறோமா? இல்லை. பதிவேடு என்பது சான்று. அதில் உள்ள செய்தியை, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, நீதிமன்றம் முதற்சான்றாக ஏற்கும். ஓர் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். புது தில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு வலைவழியாகவே விண்ணப்பிக்கலாம். மறுப்புரைக்க விரும்புவோருக்காக 30 நாள் காத்திருப்பார்கள். பின்னர் ஆய்ந்து, ஏட்டில் ஏற்றுவார்கள். வழக்கு வரும் என்று அஞ்சுவோர் செய்துகொள்ளட்டும். பதியாவிட்டால் வழக்கே இல்லை என்று 2012-இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று சொன்னதும், அது சட்டத்துக்கு மாறானது என்று அதே நீதிமன்றம் 2021-இல் ஒதுக்கித் தள்ளியதும் உண்டு. ஆகவே "பதியவில்லை, எனவே உரிமை இல்லை" என்று சென்னை நிறுவனம் விடுத்த விடை, அறியாமை. அல்லது அறிந்தே சொன்ன பொய்.

ஆனால் அந்த விடையின் முதற்பாதி? "எல்லா உரிமையும் எழுதிக் கொடுத்துவிட்டீர்!" நஞ்சு அங்கேதான் இருக்கிறது. படிப்பகத்து நண்பர்கள் பதிவைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்போரிட்டார்கள். கையெழுத்திட்ட தாளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தாளின் கதை எவ்வளவு பெரிது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய எல்லாக் கருத்தோடும் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு. வறுமையில் மாண்ட அவர் நூல்களின் உரிமை துணைவியார் செல்லம்மாளிடமிருந்து கைமாறி, கவிஞரின் தம்பி விசுவநாதனிடம் சேர்ந்தது. பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமை 1934-இல் ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகருக்கு, சில நூறு ரூபாய்க்குப் போயிற்று. யாரும் ஏமாற்றினார்கள் என்று நாம் சொல்லவில்லை. அன்று இசைத்தட்டின் எதிர்காலத்தை விற்றவர் அறியார். 1946-இல் அந்த உரிமையை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கியபோது விலை பத்தாயிரத்தை நெருங்கியது. 1947-இல் 'நாம் இருவர்' படத்தில் பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அடுத்து நடந்ததைக் காணுங்கள்: டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டொன்றைப் பாடவைத்தார்கள், உடனே டி.கே. சண்முகத்துக்கு வழக்கறிஞர் அறிக்கை பறந்து வந்தது! பாரதியைப் பாடத் தமிழன் யாரிடம் இசைவு கேட்பது? ஒரு படநிறுவனத்திடம்! சட்டப்படி அது தவறில்லை என்பதுதான் அதன் கொடுமை.

கிளர்ச்சி எழுந்தது. வ.ரா. தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. நாரண. துரைக்கண்ணன் முதலானோர் ஊர் ஊராக அலைந்தனர். 1949-இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவை உரிமையை அரசுடைமையாக்கியது. மெய்யப்பர் தம்மிடமிருந்த உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாயும், விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும் அரசு வழங்கியது. சில ஆண்டுகளில் யாரும் அச்சிடலாம், யாரும் பாடலாம் என்று மக்களுக்கே விடப்பட்டது. அன்றைய சட்டத்தின்படி 1971 வரை பூட்டிக் கிடந்திருக்க வேண்டிய பாட்டு, முன்னதாகவே வெளியே வந்தது. இந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார், இளைஞர்கள் படிக்க வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டுவது, அரசு வாங்கியதை விட, 1934-இல் கைமாறிய அந்தத் தாள். பாட்டு ஒன்றுதான், ஆயினும் அச்சிடும் உரிமை, மொழிபெயர்க்கும் உரிமை, மேடையில் நிகழ்த்தும் உரிமை, ஒலிப்பதியும் உரிமை, படமாக்கும் உரிமை எனப் பல கிளைகள். ஒரு கிளையை விற்கலாம், மற்றதை வைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்துக்கு மட்டும் கொடுக்கலாம். எழுதுகிறவனுக்கு இது தெரிவதில்லை. வாங்குகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

தோழர் கையெழுத்திட்ட தாளை வாங்கிப் படித்தோம். முத்திரைத்தாள் ஒன்று, பத்து வரி, 3,000 ரூபாய். "அனைத்து உரிமைகளும்" என்று இருக்கிறது. எத்தனை ஆண்டுக்கு? இல்லை. எந்த நாட்டு எல்லைக்குள்? இல்லை. படித்தவுடன் நமக்குச் சிறிது மகிழ்ச்சியே உண்டாயிற்று. ஏனெனில், உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும், படைப்பு எது, தொகை எவ்வளவு என்பவை வேண்டும் என்று சொல்லும் 19-ஆம் பிரிவு, மற்றொன்றும் சொல்கிறது: காலம் குறிக்கப்படவில்லையேல் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும், எல்லை குறிக்கப்படவில்லையேல் இந்தியா மட்டுமே. நிறுவனம் நினைப்பது போல் பாட்டு என்றென்றைக்கும் போய்விடவில்லை. தோழர் அஞ்சியது போலவும் இல்லை.

2012-இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டை எழுதியவர், அது பயன்படும்போதெல்லாம் வரும் உரிமத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை விற்கவே முடியாது. விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதினாலும் செல்லாது. தன் வாரிசுக்கோ, உரிமை திரட்டும் சங்கத்துக்கோ மட்டுமே அதைக் கொடுக்கலாம். பசித்தவன் எழுதிக்கொடுத்த தாளுக்குச் சட்டம் இட்ட கடிவாளம் இது.

பெயரை மாற்றியதோ இன்னும் தெளிவான குற்றம். உரிமை முழுவதையும் விற்ற பின்னரும், "இதை இயற்றியவன் நான்" என்று சொல்லும் உரிமை ஆசிரியனை விட்டு நீங்காது. 57-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. பாட்டைச் சிதைத்து அவன் நற்பெயரைக் கெடுத்தாலும் தடுக்க இடமுண்டு. பெயரில்லாத பெண்ணைப் பாடிய பாட்டுக்கே பாடியவன் பெயர் இல்லாமற் போனது!

ஒரு புறத்தில் நம் தோழரோடு நாம் உடன்படவில்லை. ஆம்பூர்ப் பக்கம் மற்றொருவர் தோல் தொழிலாளர் படும் பாட்டை எழுதியிருக்கிறாராம். "என் கருத்தைத் திருடிவிட்டான்" என்று அவர்மீதும் சினம். இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தோம். சுண்ணாம்புத் தொட்டி இரண்டிலும் உண்டு, வேறெதுவும் பொதுவில்லை. கருத்துக்கு யாரும் வேலி போட முடியாது. சொல்லிய வடிவத்துக்கே காப்பு. மேடை நாடகமொன்றைத் தழுவி 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் எடுத்தார்கள் என்று நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், கருப்பொருள் ஒன்றாயினும் வடிவமும் நடத்தும் முறையும் வேறாயின் மீறல் இல்லை என்று 1978-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லவேளை! துன்பத்தைப் பாடும் உரிமை ஒருவனுக்கே பட்டாவாகிவிட்டால் இந்தப் பாலாற்றங்கரையில் மற்றவர் வாய் மூடிக் கிடக்க வேண்டியதுதான்.

கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்தார். காலணித் தொழிற்கூடத்துக்கு ஷூ 'அப்பர்' வடிவம் வரைபவர். ஓய்வு நேரத்தில் சொந்தமாகவும் வரைகிறார். "என் வரைபடத்துக்கும் இப்படித் தானாகவே உரிமை உண்டல்லவா?" என்றார். இங்கேதான் கதை தலைகீழாகிறது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதியத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, அதைக் கொண்டு தொழில்முறையில் 50 பொருள்களுக்கு மேல் செய்துவிட்டால், அதற்குரிய பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது 15-ஆம் பிரிவு. ஐம்பது எண்ணிக்கை எம்மாத்திரம்! ஆம்பூரில் ஒரு தொழிற்கூடம் காலை உணவுக்கு முன் அதைக் கடந்துவிடும். வடிவத்தை வெளியிடும் முன்பே 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிந்தால் பத்தாண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டு காப்பு. சம்பளத்துக்காக வரைந்தது முதலாளிக்குப் போகும். சொந்த நேரத்தில் வரைந்ததேனும் தப்பட்டும். பதிவு வேண்டாத பாட்டுக்கு அரக்கு முத்திரை. பதிவு இன்றியமையாத ஷூவுக்கு வெறுங்கை. இதைக் கேட்டுப் படிப்பகத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"கொள்கை பரப்ப எழுதுகிறோம், உரிமை கொண்டாடுவது முதலாளித்தனம் அன்றோ?" என்று இறுதியில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இங்கர்சால் 1899-இல் மறைந்தார். அவரை எவரும் மொழிபெயர்த்து அச்சிடலாம், கேட்பாரில்லை. பெர்ட்ரண்ட் ரசல் 1970-இல் மறைந்தார். ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் என்பது நம் நாட்டுக் கணக்காதலால், 2030 முடியும் வரை இசைவு கேட்க வேண்டும். (முன்பு 50 ஆண்டுதான், தாகூரின் உரிமை 1991-இல் முடிந்த நிலையில், 1992-இல் அது 60 ஆயிற்று.) பகுத்தறிவு பரவுவதற்கு இது தடை என்பதை மறுக்கவில்லை. பாவேந்தர், அண்ணா படைப்புகளை நாட்டுடைமையாக்கியதால்தான் அவை இன்று மலிவு விலையில் ஊர்தோறும் கிடைக்கின்றன. கலைஞரின் படைப்புகளும் 2024-இல் உரிமைத்தொகை ஏதுமின்றி நாட்டுடைமையாயின.

'குடி அரசு' எழுத்துகளைப் பெரியார் திராவிடர் கழகம் தொகுத்து வெளியிட முற்பட்டபோது, பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் தடைகேட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் சென்றதையும் மறைப்பதற்கில்லை. பெரியார் தம் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2009-இல் நீதிபதி சந்துரு தடைதர மறுத்தார். மேல்முறையீடும் 2010-இல் தோற்றது. கொள்கை ஒன்றேயான இருவர் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற காட்சி நமக்கு இனிப்பாக இல்லை. அங்கும் முடிவு செய்தது தாள்தான், இல்லாத தாள்.

பரவ வேண்டும் என்று விரும்பும் எழுத்தாளன் தானே முன்வந்து தன் உரிமையை, முழுதாகவோ பகுதியாகவோ, துறந்துவிடலாம். 21-ஆம் பிரிவு அதற்கு வழிசெய்திருக்கிறது. பதிவாளருக்கு எழுதலாம், பொது அறிவிப்பும் தரலாம். ஆனால் கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு. தோல் சுமக்கும் தோழர் மனமுவந்து மக்களுக்கு வழங்கினால் அது ஈகை. 3,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டு, பெயரையும் அழித்துவிட்டால், அதற்குக் கொள்கைப் பூச்சுப் பூசுவது அந்த நிறுவனத்துக்குச் செய்யும் தொண்டே.

தொழிற்சாலைத் தொழிலாளி என்பதாலேயே இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி அவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகச் சொல்லியிருக்கிறோம். தாளின் படியும், பாட்டு முதன்முதல் வெளிவந்த சிற்றிதழின் படியும் எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். அரக்கு உறையையும் கொண்டு போகலாமா என்று கேட்டார். பிரித்துப் படித்துவிட்டுப் போங்கள் என்றோம். பிரித்தார். உள்ளே பதினொரு பாட்டு இருந்தது. நூலில் வந்தவை ஒன்பதுதான். விடுபட்ட இரண்டில் ஒன்று, ஆலை விட்டு வரும் கடைசிப் பேருந்தில் நின்றபடியே உறங்கும் பெண்களைப் பற்றியது. தொகுப்பிலுள்ள எல்லாப் பாட்டையும் விட அது நன்று. இரண்டாம் பதிப்பில் 30-ஆம் பக்கத்துக்கு மேற்பட்ட நிலவையும் தென்றலையும் நீக்கி, அந்தப் பாட்டை முதலில் வைக்குமாறு கேட்டுக்கொண்டோம். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்து முழக்கத்துக்குப் பதிலாக, ஆசிரியர் பெயரும் ஆண்டும் போதும்.